மூவீசம் கூடின அடிமட்டம்

மாமாவின் வார்ப்புப் பட்டடையை விற்கலாம் என்று முதலில் வாய் திறந்தவன் நான்தான். விற்று முடிந்து காசும் வந்துவிட்டது. மாமா இன்றுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனாலும் திருகோணமலையின் கொட்பே பக்கம் போகும்போது, கரையில் ஏற்றி வைத்திருக்கும் போட்டுகளின் பின்புறத்தில் வெண்கலப் புரொப்பலர் வெயிலில் மின்னுவதைக் கண்டால் வயிற்றுக்குள் ஏதோ பிசைகிறது. அன்று நான் சொன்ன நியாயம் சரியா பிழையா என்று இப்போதும் என்னால் ஒரேயடியாகத் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டடை அம்மப்பா தொடங்கியது. அவர் திருகோணமலை டொக்யாட்டில் வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர். 1957 இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருக்கும் வேலை போனது. கையில் தொழில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, உலை கட்டி, வார்க்கத் தொடங்கினார். கோயில் மணி, குத்துவிளக்கு, இஞ்சினுக்குப் புஷ், எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டுகளுக்குப் புரொப்பலர். மாமா பதினாறு வயதில் உலோகம் உருக்கும் மூசையைத் தூக்கப் பழகியவர். சண்டைக் காலத்தில் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த பட்டடை, சுனாமிக்குப் பிறகு நன்றாக எழும்பியது. உடைந்த போட்டுகளும் புதிதாக வந்த மூன்றரைத் தொன் போட்டுகளுமாக வேலை குவிந்தது. திருக்கடலூரிலிருந்து ஆட்கள் விடியமுன்னம் வந்து படலையில் நிற்பார்கள். பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. உலைக்கு டீசல் இல்லை, போட்டுக்கும் டீசல் இல்லை. கடலுக்குப் போகாத போட்டுக்கு எதற்குப் புரொப்பலர்? பட்டடையில் நின்ற இரண்டு பொடியங்களில் ஒருவன் கட்டாருக்குப் போனான், மற்றவன் ஓட்டோ ஓட்டப் போனான். மாமாவின் மகன்மார் இருவரும் கனடாவில். மாமாவுக்கு முழங்கால் வேறு சரியில்லை.

அடுத்த வருடம், மேல் மாகாணத்திலிருந்து ஒரு நிறுவனம் ஆள் அனுப்பியது. பெயர் இங்கே வேண்டாம். சிறிய வார்ப்புப் பட்டடைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே இடத்தில் சேர்க்கும் திட்டம் அவர்களுடையது. எங்களுடையது மூன்றாவது. மணலில் பதித்து வார்ப்புக் குழி உண்டாக்கும் மர அச்சுகள், உலை, மூசைகள், கிடக்கிற பழைய வெண்கலம், வாடிக்கையாளர் விபரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை. நிலம் வேண்டாம். மாமா யோசித்தார். நான் யோசிக்கவில்லை. எனக்கு அப்போது இன்னொரு கதை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரேகனில் ஒரு வார்ப்புக்கூடம்

நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன். இப்போதும் கணக்கு எழுதித்தான் சாப்பிடுகிறேன். மாமாவின் தொழில் என்பதால் உலகத்தில் வார்ப்புத் தொழில் எப்படி நடக்கிறது என்று இரவு இரவாகத் தேடி வாசித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை.

அதன் தொடக்கமே அழகானது. ஒரேகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்று ஒரு மரம்வெட்டி இருந்தார். மரத்துக்குள் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துப் போவதைக் குந்தியிருந்து பார்த்து, அதே மாதிரிப் பல் வைத்து மரம் அறுக்கும் சங்கிலியை உருவாக்கினார். அதை விற்க 1947 இல் ஒரு கம்பனி தொடங்கினார். அந்தச் சங்கிலிக் கம்பனிக்குள் சிறிய பகுதியாக இருந்தது மெழுகு வார்ப்பு. 1953 இல் அது தனியாகப் பிரிந்து போட்லன்ட் நகரில் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸ் ஆனது. விமான இஞ்சின் செய்பவர்களுக்குப் பெரிய பெரிய வார்ப்புகளைச் செய்து கொடுத்து வளர்ந்தார்கள்.

அப்புறம் வாங்கத் தொடங்கினார்கள். 1986 இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்திடமிருந்து விமான இஞ்சினின் சுழலித் தகடுகளை வார்க்கும் பகுதியை வாங்கினார்கள். 1999 இல் வைமன்-கோர்டன். அது 1883 இலிருந்து இருக்கும் அடிப்புப் பட்டடை, உலோகத்தை ஊற்றாமல் அடித்தும் அமுக்கியும் வடிவம் செய்யும் இடம். 50,000 தொன் விசையோடு உலோகத்தை அமுக்கும் இயந்திரம் அவர்களிடம் உண்டு. 2003 இல் விமானங்களுக்கு ஆணி, போல்ட் செய்யும் எஸ்.பி.எஸ். டெக்னொலொஜிஸ். 2006 இல் நிக்கல் கலப்புலோகம் உருக்கும் ஸ்பெஷல் மெட்டல்ஸ். 2012 இன் கடைசியில் டைட்டானியம் மெட்டல்ஸ், விலை ஏறக்குறைய 290 கோடி டொலர். இவை பெரியவை மட்டும். இடையில் வாங்கிய சின்னச் சின்னக் கம்பனிகள் எத்தனையோ. கடைசியில் இவர்களையே ஒருவர் வாங்கினார். அமெரிக்க முதலீட்டாளர் வொரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 235 டொலர் வீதம், கடனையும் சேர்த்து 3,700 கோடி டொலர் அளவில், 2016 ஜனவரியில்.

இதை நான் மாமாவுக்கு வாசித்தே காட்டினேன். திண்ணையில் இருந்து கேட்டார். "பாருங்க மாமா, சின்னச் சின்னதா இருந்தா ஒருத்தரும் தப்பேலாது. சேர்ந்தாத்தான் நிக்கலாம். உலகத்துல பெரிய வார்ப்புக் கம்பனியே இப்பிடி வாங்கி வாங்கித்தான் வளர்ந்திருக்கு" என்றேன். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவங்க எப்பிடி வார்க்கிறாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பாதிப் பதில்தான் தெரிந்தது. மெழுகில் உருவம் செய்வார்கள், அதன்மேல் பீங்கான் குழம்பு பூசுவார்கள், காயவிட்டுத் திரும்பப் பூசுவார்கள், பிறகு மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள் என்று சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது எங்கட சாமி வார்க்கிற வேலையெல்லோ" என்றார்.

உண்மைதான். 1950 இல் எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் யாரோ மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவை. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார். சோழர் காலத்து மெழுகு வார்ப்பு. அம்மப்பா அப்போது இளந்தாரி. ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் அவரும் ஒருவராம். மற்றவர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது தான் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார். முந்நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தும் விரலின் ரேகை மடிப்பு கலையவில்லை என்பார். கட்டி வார்ப்பென்றால் மெழுகு ஒரு கிலோ, வெண்கலம் ஒன்பது கிலோ, ஊற்றுவாய்க்கும் காற்றுவழிக்கும் அதற்கு மேல் கொஞ்சம் என்ற கணக்கை மாமா என் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தது எனக்கே நினைவிருக்கிறது. அதே மெழுகு, அதே பூச்சு, அதே வெற்றிடம்தான் இன்று விமான இஞ்சினுக்குள் சுழலும் தகட்டையும் உண்டாக்குகிறது. அந்தத் தகடு நிற்கிற இடத்துக் காற்றின் வெப்பம், தகடு உருகும் வெப்பத்தையும் தாண்டியது. அதனால் தகட்டுக்குள்ளே குளிர்க்காற்று ஓட வாய்க்கால்கள் வைத்து வார்க்கிறார்கள். முழுத்தகட்டையும் ஒரே ஒரு படிகமாக உறைய வைக்கவும் செய்கிறார்கள்.

இதைக் கேட்ட மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி, வரச் சொல்லு" என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கணக்கெடுக்க வந்த நாள்

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதானவர், இரும்பு வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மற்றவர் கணக்காளர், என்னைவிட இளையவர், மரியாதையான பிள்ளை. கையில் பெரிய தட்டுப்பலகை, அதில் நிரல் போட்ட தாள்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை ஒவ்வொரு சாமானாக எண்ணி எழுதினார். மூசை இத்தனை, நல்லது இத்தனை, வெடித்தது இத்தனை. மண்பெட்டி இத்தனை சோடி. புளோவர் ஒன்று. பற்றன் என்று நாங்கள் சொல்லும் மர அச்சுகள் சுவரில் ஆணி அடித்துத் தொங்கின. ஒவ்வொன்றையும் இறக்கித் தூசி தட்டி, இலக்கம் எழுதினார். அவற்றின் பின்பக்கத்தில் அம்மப்பா பென்சிலால் எழுதிய குறிப்புகள். எந்தப் போட்டுக்கு, எந்த இஞ்சினுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வாங்கில் இருந்தார்.

கடைசியாக மேசை லாச்சி. அதற்குள் காலிப்பர், இரண்டு உளி, ஒரு அடிமட்டம். மஞ்சள் மரத்தில் செய்தது, இரண்டு முனைக்கும் பித்தளைத் தகடு வைத்தது, மடிக்கும் இடம் கறுத்துப்போனது. டொக்யாட்டிலிருந்து அம்மப்பாவோடு வந்தது. அதன் முதுகில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தார்கள், கைபட்டுக் கைபட்டு அது தேய்ந்து போய்விட்டது. அந்தப் பிள்ளை அதை எடுத்துப் பார்த்தார். பழைய சாமான் என்றால் விலை இருக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். தன் இடுப்பிலிருந்த டேப்பை இழுத்து அதன் அருகே வைத்தார். முகம் மாறியது. திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"அங்கிள், இது பிழையான அடிமட்டம். பன்னிரண்டு இஞ்சி எண்டு போட்டிருக்கு, ஆனா அதைவிட நீளமா இருக்கு" என்றார். தாளில் ஒரு கோடு போட்டு, பெறுமதிக்கு நேரே பூச்சியம் எழுதி, அடிமட்டத்தை மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. பெருவிரலால் அதன் விளிம்பை ஒருமுறை தடவினார். "அது பிழை இல்லைத் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்காது, அதற்குள் அவர் பெட்டி கட்ட வெளியே போய்விட்டார். எனக்குக் கேட்டது. நான் விளக்கம் கேட்கவில்லை. பஸ்சுக்கு நேரமாகிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், சாப்பாட்டுக்கு மாமி கூப்பிடுகிறார். இந்த முழுக் கதையிலும் என்னை இன்றுவரை உறுத்துவது அந்த ஒரு நிமிடம்தான். கேட்டிருந்தால் விற்பனையே நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாவது எழுதச் சொல்லியிருப்பேன்.

கால் அங்குலம்

எட்டு மாதம் போனது. ஒரு நாள் திருக்கடலூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் உரப்பையில் ஒரு புரொப்பலரைச் சுற்றிக்கொண்டு வந்தார். புதிது. எங்கள் பட்டடையை வாங்கியவர்களிடமிருந்து வந்தது. பழையதைப் போலவே பதினாறு இஞ்சி என்று சொல்லித்தான் வாங்கினாராம். "இஞ்சின் கத்துது, போட் போகுதில்லை. முந்தி இப்பிடி இல்லையே, என்னெண்டு ஒருக்காப் பாருங்க" என்றார்.

மாமா அதை நிலத்தில் வைத்து, குந்தியிருந்து, கையால் சாணளந்தார். டேப்பே எடுக்கவில்லை. "கால் இஞ்சி குறைவு" என்றார். நான் டேப் போட்டுப் பார்த்தேன். பதினைந்தே முக்கால்.

"வார்ப்பை அளந்து வார்த்திருக்கிறாங்க" என்றார் மாமா.

அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லித் தந்தார். வெண்கலம் உருகி இருக்கும்போது, மணலில் மர அச்சு பதிந்த குழியை முழுதாக நிரப்பும். ஆற ஆறச் சுருங்கும். ஓர் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. அம்மப்பா அதை மூவீசம் என்பார். அந்தச் சுருக்கத்தை முதலே கூட்டி மர அச்சைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் எங்காவது பிழைக்கும் என்பதால், அச்சு செய்பவர்களுக்கென்றே ஒரு கோல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீளம். அதை வைத்து அளந்தால் கணக்கே வேண்டாம், சுருக்கம் கோலுக்குள்ளேயே இருக்கிறது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஒன்று, வார்ப்பிரும்புக்கு வேறொன்று. வாங்கியவர்கள் கொண்டுபோன பதினாறு இஞ்சிப் பற்றனைக் கறையான் தின்றிருந்தது. அதனால் ஒரு போட்டிலிருந்து பழைய புரொப்பலரைக் கழற்றி, சாதாரண டேப்பால் அளந்து, அலுமினியத்தில் புது அச்சு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சுருங்கியதை அளந்து, அதிலிருந்து வார்த்தால் திரும்பவும் சுருங்கும். பன்னிரண்டுக்கு மூவீசம் என்றால் பதினாறுக்குச் சரியாகக் கால் அங்குலம். விட்டம் குறைந்தது, இலையின் சாய்வு குறைந்தது, தண்ணீரைத் தள்ளும் வலு குறைந்தது.

அன்று இரவு நான் அந்த அமெரிக்க நிறுவனத்தின் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். முதல்முறை வாசித்தபோது என் கண் ஆண்டுகளிலும் தொகைகளிலும் நின்றது. இந்த முறை வரிசையைப் பார்த்தேன். பெரிய வார்ப்பு செய்தவர்கள் முதலில் வாங்கியது சிறிய வார்ப்பு செய்தவர்களை. அடுத்தது, வார்க்க முடியாததை அடித்துச் செய்பவர்களை. அதற்கடுத்தது, செய்த பாகங்களைப் பூட்டும் ஆணி செய்பவர்களை. பிறகு உலைக்குள் போடும் நிக்கலை, கடைசியில் டைட்டானியத்தை. உலையடியில் நிற்கிற ஒருவனுக்கு எது தட்டுப்படுகிறதோ, எதற்காக அவன் மற்றவன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானோ, அந்தப் பக்கமாகவே போயிருக்கிறார்கள். நான் மாமாவிடம் சொன்ன "வாங்கி வாங்கி வளர்ந்தார்கள்" என்பதில் இது எதுவும் இருக்கவில்லை. எங்களை வாங்கியவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டடைகளை எண்ணினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து எண்ணினேன். உலையடியில் நின்று கேட்டவர் மாமா மட்டும்தான்: அவங்க எப்பிடி வார்க்கிறாங்க?

அதற்காக அமெரிக்கக் கதையில் எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது வேலைகள் போயின. அவ்வளவு கைகள். அதில் எத்தனை பேரின் மேசை லாச்சிக்குள் எங்கள் அடிமட்டம் மாதிரி ஒன்று கிடந்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அதே ஆண்டுக் கணக்கில் பெர்க்‌ஷயர் ஏறக்குறைய 1,100 கோடி டொலரைப் பெறுமதியிலிருந்து வெட்டி எழுதியது. கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஒரு வாங்கலால் வந்தது. பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பஃபெட் அதை ஒளிக்கவில்லை. கம்பனி நல்ல கம்பனிதான், அது வருங்காலத்தில் எவ்வளவு உழைக்கும் என்பதை நான் பிழையாகக் கணித்து அதிக விலை கொடுத்துவிட்டேன், தவறு என்னுடையது என்ற கருத்தில் எழுதினார். தொண்ணூறு வயதில், அவ்வளவு பெரிய தொகையில், பழியை வேறு யார் தலையிலும் போடாமல் அப்படி எழுதியதை நான் மதிக்கிறேன்.

நாங்கள் உயர்தரத்தில் படிக்கும்போது நன்மதிப்பு என்று ஒரு கணக்கு வரும். கம்பனியை வாங்கக் கொடுத்த விலையிலிருந்து தேறிய சொத்துக்களின், அதாவது கடன் போக மிஞ்சும் சொத்துக்களின், பெறுமதியைக் கழித்தால் மிஞ்சுவது நன்மதிப்பு. அது என்ன பொருள் என்று நாங்கள் கேட்டதில்லை, ஆசிரியர் சொன்னதும் இல்லை. ஐந்தொகையைச் சமப்படுத்தும் ஒரு தொகை, அவ்வளவுதான். பஃபெட் வெட்டியதும் பெரும்பாலும் அந்த நிரலில் இருந்த நன்மதிப்பும் அதைப் போன்ற தொட முடியாத சொத்துக்களும்தான். எங்கள் பட்டடையை விற்ற கணக்கை நானே உட்கார்ந்து பார்த்தேன். மர அச்சு, மூசை, உலை, பழைய வெண்கலம் எல்லாவற்றின் பெறுமதியையும் கூட்டினால் அவர்கள் கொடுத்த விலையோடு சரியாகப் பொருந்துகிறது. மிச்சம் ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வருடப் பட்டடைக்கு நன்மதிப்பு பூச்சியம். அந்த விலையைப் பார்த்து, நல்ல விலை மாமா, கையெழுத்து வையுங்க என்று சொன்னவன் நான். கணக்குப் படித்தவன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாமா தானாகவே தொலைபேசி எடுத்து, புரொப்பலர் குறைவதற்கு இதுதான் காரணம் என்று சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அடுத்த கிழமையே அந்தக் கணக்காளப் பிள்ளையும், அச்சு செய்யும் பொடியன் ஒருவனும் வந்து இறங்கினார்கள். அடிமட்டத்துக்கு விலை கேட்டார்கள். நல்ல தொகைதான் சொன்னார்கள். மாமா தலையை ஆட்டினார். "அது அப்பாவின்ர. குடுக்கேலாது" என்றார். அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. "ஆனா ஒண்டு செய்து தரலாம்" என்றார் மாமா.

முற்றத்தில் வாங்கைப் போட்டு, இழைத்து வைத்திருந்த முதிரைச் சட்டம் ஒன்றை எடுத்தார். அம்மப்பாவின் அடிமட்டத்தை விரித்து அதன்மேல் படிய வைத்தார். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அந்தப் பொடியன் பிடித்தான். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கத்தி முனையால் ஒவ்வொரு அங்குலமாகக் கீறத் தொடங்கினார். ஒவ்வொரு கீறலுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டார். வெயில் ஏறியது, மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து ஆறிப்போனது, ஒருவரும் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டாவது கோட்டைக் கீறி முடிந்ததும் அந்தக் கணக்காளப் பிள்ளையைப் பார்த்து, "இப்ப டேப்பை வைத்துப் பாருங்க தம்பி" என்றார். அவர் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டும் மூவீசமும். தட்டுப்பலகையிலிருந்து பேனாவை எடுத்து, என்ன எழுதுவதென்று மாமாவிடம் கேட்டார்.